வரைபடத்தில் தெரியாத ஐந்து படிகள்

தம்பி,

நேற்றுத்தான் போனில் பேசினோம். உனக்குச் சளி விட்டுவிட்டது, பெங்களூரில் குளிர் குறைந்திருக்கிறது, எல்லாம் தெரியும். அதனால் நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்தபோது நீ விரித்துக் காட்டிவிட்டுப் போன வரைபடத்தைப் பற்றி உன்னிடம் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். போனில் சொல்ல முடியாது. இந்த வீட்டு நடுமுற்றத்து வளவில் நின்று ஒருவர் மெல்லப் பேசினாலும் முகப்பில் கட்டிலில் படுத்திருக்கும் உன் தகப்பனார், உன் அப்பச்சிக்குக் கேட்டுவிடும். பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் போயின, பேச்சு பாதி போயிற்று, காது மட்டும் முன்னைவிடக் கூர்மை. அவரை வைத்துக்கொண்டு அவரைத் தூக்குவதைப் பற்றிப் பேசுவது எப்படி? அதனால்தான் கடிதம். என் வலது மணிக்கட்டு பேனாவைப் பிடித்தால் இரண்டு வரிக்கு மேல் தாங்காது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். மத்தியானம் அப்பச்சி தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில், சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இவள் கல்யாணத்துக்கு என்று வாங்கிச் சேர்த்த அண்டாக்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறோம். இந்த அறைக்கு ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் கால் மணி நேரத்தில் கழுத்தெல்லாம் வேர்த்துவிடுகிறது. இன்று மூன்றாவது நாளாக எழுதுகிறோம்.

முதலில், உன் வரைபடம் எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பொங்கலன்று சரியாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால், பாகப்பிரிவினையில் உன் அப்பச்சிக்கு என்று தனியாக வந்த காலி இடத்தில், பின்தெரு வரைக்கும் நீட்டிப் புதுக்கட்டு ஒன்று கட்டலாம் என்று நீ சொன்னபோது, நான் மனசுக்குள் ஒரு சிமெண்டுப் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ அப்படிச் செய்யவில்லை. இடிந்து கிடக்கும் பழைய நெல் கொட்டடியின் செங்கல்லையே எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவது, நேமத்தான்பட்டியில் பிரித்துப் போட்ட வீட்டின் தேக்குக் கதவுகளை வாங்கிப் போடுவது, புதுக் கூரையில் விழுகிற மழையைக் குழாய் வைத்து நம் கிணற்றுக்கே கொண்டு போவது, சப்போட்டா மரத்தை வெட்டாமல் அதற்காகச் சுவரையே ஒரு முழம் வளைத்து எடுப்பது. பழைய சுவரும் புதுச் சுவரும் தொடாமல் நடுவில் ஒரு கை அகலம் விட்டு, அதன் மேல் கண்ணாடி போட்டு மூடப் போகிறேன் என்றாய். ஏன் என்று கேட்டேன். "பழைய சுவர்ல மூணு பேருக்குப் பங்கு இருக்கு ஆத்தா, அதத் தொட்டா வம்பு. அதோட புதுசு புதுசாவே தெரியணும். பழசு மாதிரி வேஷம் போடக் கூடாது" என்றாய். வேஷம் என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப் போவதும் நான் போட்ட வேஷத்தைப் பற்றித்தான்.

புதுக்கட்டில் முதலில் எதைக் கட்டுவது என்று நீ கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. சாமான் அறை என்றேன். ஐப்பசி மழையில் இந்த அறை ஒழுகி, சீர்ச் சாமான் கட்டியிருந்த சாக்குகள் எல்லாம் நனைந்து, வெண்கலப் பானைகளில் பச்சை பூத்துவிட்டது. கல்யாணத்தன்று கூடத்துப் பட்டாலையில் சாமான் பரப்பும்போது நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள். அந்த நினைப்பில் ஈரம் அண்டாத, காற்றோட்டமான அறை வேண்டும் என்றேன். நீயும் அதற்கென்றே எதிரும் புதிருமாக ஜன்னல் வைத்து, சூடான காற்று மேலே ஏறிப் போவதற்குக் கூரையில் ஒரு கூண்டும் வைத்து, நல்ல அறை ஒன்று வரைந்தாய். "பேசாம அண்டாவுக்கு ஏசியும் போட்டுரவா ஆத்தா?" என்று கேலி வேறு செய்தாய். "போடு, சம்பந்தக்காரவுக பார்க்கட்டும்" என்று நானும் சிரித்தேன். அன்று உன் தங்கை எங்கே தூங்குகிறாள் என்று நம் இரண்டு பேரில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பச்சி கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக முகப்புக்கும் வளவுக்கும் நடுவில் உள்ள நடையில் பாய் போட்டுப் படுக்கிறாள். எட்டு இட்லிக் கொப்பரைக்குத் தனி அறை, அதற்கு எதிரும் புதிருமாக ஜன்னல்.

அப்பச்சிக்கு ஓர் அறை வேண்டாமா என்று நீதான் கேட்டாய். கட்டுவதை மூன்று தவணையாகப் பிரித்து, மூன்றாம் தவணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான். "உங்க அப்பச்சி முகப்புல இருந்தாத்தான் மரியாதை. பாக்க வர்றவுகளக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போனா என்ன நினைப்பாக?" என்றேன். நீயும் சரி என்று வரைபடத்தில் அந்த அறைக்குப் புள்ளிக்கோடு போட்டுவிட்டாய். அந்தப் புள்ளிக்கோட்டுக்குள்தான் உன் தங்கை மாட்டிக்கொண்டிருக்கிறாள். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முகப்பிலிருந்து பின்கட்டுக் குளியலறைக்குப் போக ஐந்து நிலைப்படி தாண்ட வேண்டும். நீ பிறந்து வளர்ந்த வீடுதான், ஆனால் அவற்றை நீ எண்ணியிருக்க மாட்டாய், காலைத் தூக்கி வைத்துப் போய்க்கொண்டே இருந்திருப்பாய். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், இரண்டாவது மட்டும் சாணுக்கும் மேலே. சக்கர நாற்காலியை ஒரு படி தாண்ட வைக்க ஒருவர் முன்னால் குனிந்து தூக்க வேண்டும், ஒருவர் பின்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும். போக ஐந்து, வர ஐந்து, ஒரு நாளைக்கு நான்கு தடவை. முன்னால் குனிகிறவள் உன் தங்கை. பின்னால் நான், இடது கையின் பலத்தில். மூன்றாவது படியில் அப்பச்சி எப்போதும் கண்ணை மூடிக்கொள்வார். பயத்தினால் என்று முதலில் நினைத்தேன். மகள் தன் காலடியில் குனிவதைப் பார்க்க முடியாமல்தான் மூடுகிறார் என்று பிறகு தெரிந்தது.

நாங்கள் சும்மாவும் இருக்கவில்லை. போன வருஷம் நீ செய்து அனுப்பிய பலகைச் சரிவுகளைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு படிகளுக்கு நடுவே இடம் பற்றாமல் சரிவு செங்குத்தாக நின்றது. கட்டிலருகே வைக்கிற கழிப்பறை நாற்காலி வாங்கி வந்தோம். சாமி படங்களுக்கும் பெரியவர்கள் படங்களுக்கும் நேர் எதிரே அதை வைத்ததும் அப்பச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காரைக்குடியிலிருந்து ஆள் வைத்தோம். முதல் ஆள் இருபது நாள் இருந்தார், அடுத்தவர் ஐந்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, இது ஆள் தூக்குற வேலை இல்ல, தேர் தூக்குற வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் உனக்குச் சொல்லாமல் ஒன்று செய்தேன். ஆச்சாரியைக் கூப்பிட்டு நிலைப்படியை அறுக்கச் சொன்னேன். அவர் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"இது ஒரே மரம் ஆச்சி. இதுல ரம்பத்த வச்சேன்னா இந்தத் தெருவுல எனக்கு ஒருத்தரும் வேல குடுக்க மாட்டாக."

"நான் சொல்றேன்ல. அறுங்க."

"நீங்க சொல்லுவீக. கையெழுத்துப் போட வேண்டிய மூணு பேர்ல நீங்க இருக்கீகளா?"

நான் இல்லை. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், அதற்குள் சென்னையிலிருந்து உன் பெரியப்பச்சி போன் செய்துவிட்டார். "நிலையில கை வைக்கச் சொன்னீகளாமே. அதுல லட்சுமி இருக்கா, தெரியும்ல?" என்றார். "அவ இருக்கட்டும். உங்க தம்பியும்தான் இருக்காக. தூக்க முடியல" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் "பொம்பளப்பிள்ள வீட்லதான இருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதைத்தான் நானும் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

இவள் பள்ளிக்கூடத்தை விட்டது எப்படி என்று நீ ஒரு தடவை போனில் கேட்டாய். அவளுக்கே படிப்பில் இஷ்டமில்லை என்று சொன்னேன். அது பொய். அப்பச்சிக்கு உடம்பு முடியாமல் போனபோது இவள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒரு தடவை தூக்குவோம், சாயந்திரம் இவள் வந்த பிறகு அடுத்த தடவை. நடுவில் தேவைப்படக் கூடாது என்று அப்பச்சி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தருவார். ஒரு நாள் அவருக்கு முடியவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நான் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு படி தாண்டிவிட்டேன். மூன்றாவதில் நாற்காலி பின்னால் சாய்ந்து, அவர் என் மேல் விழ, நான் மணிக்கட்டின் மேல் விழுந்தேன். பூக்காரம்மா வந்து குரல் கொடுக்கும்வரை முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்தத் தரையிலேயே கிடந்தோம். அவர் வேட்டி நனைந்திருந்தது. அதை இழுத்து மூட எனக்குக் கை வரவில்லை. இவள் சாயந்திரம் வந்து பார்த்தாள். மறுநாள் காலை யூனிபார்ம் போடவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்தார். நல்லாப் படிக்கிற பிள்ளையை இப்படி நிறுத்தலாமா என்று கேட்டார். "அவளுக்கே இஷ்டமில்லைங்க டீச்சர். நாலு பேர் நடுவுல உக்காரவே கூச்சப்படுறா" என்றேன். "அத அவ சொல்லட்டுமேம்மா" என்றார். "கேளுங்க. இந்தா நிக்கிறா" என்றேன். இவள் கதவைப் பிடித்துக்கொண்டு டீச்சரின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பதில் இல்லை. டீச்சர் காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். தம்பி, பெற்றவள் இதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். இவள் வாய் திறக்க மாட்டாள் என்று தெரிந்துதான் கேட்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. "எழுதுனியா?" என்றேன். "எழுதிட்டேன்" என்றாள். எட்டிப் பார்த்தேன். காப்பியோடு நிற்கிறது.

"எழுதுத்தா."

"அண்ணனுக்கு எதுக்கு ஆத்தா அதெல்லாம்."

"உனக்கும் தெரியணும்ல."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"டீச்சர் கேட்டப்ப நீங்க என்னயப் பாக்கல."

அதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறாள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது, பார்.

அதன் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் இவள் வீட்டை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருந்ததில்லை. மளிகைக்குப் போவாள், மருந்துக்குப் போவாள், ஓடி வருவாள். போன பங்குனியில் சிநேகிதிகளோடு குன்றக்குடி மலைக்குப் போய்வருகிறேன் என்று கேட்டாள். போ என்றேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே போன் செய்து திரும்பக் கூப்பிட்டேன், அப்பச்சிக்கு வயிறு சரியில்லை என்று. வந்து தாவணி முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் குனிந்தாள். "இன்னொரு நாள் போயிக்கலாம்த்தா" என்றேன். "முருகன் எங்குட்டுப் போகப்போறாரு, அங்கதான இருப்பாரு" என்றாள். அவள் கேலியாகச் சொன்னாளா, வருத்தத்தில் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. இப்போது கேட்டால்கூட எழுதிக்கொண்டேதான் இருப்பாள்.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். ஆவணியில் வீட்டை அளந்து அனுப்பச் சொல்லி இவளிடம்தானே கேட்டாய். டேப்பை வைத்துக்கொண்டு தினம் மத்தியானம் ஓர் அறையாக அளந்தாள். "சுவர அளந்து என்னத்தா செய்யப்போற, வீடு வளரவா போகுது?" என்று நான் கேலி செய்தேன். நீ பொங்கலுக்கு வந்து, "எங்க ஆபீஸ்ல இருக்கவனுக்கே இவ்வளவு சுத்தமா அளவெடுக்கத் தெரியாது" என்று சொன்னபோது இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய். நான் பின்னாலேயே போனேன். கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது. அதன் பிறகுதான் அந்த அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீளமும் அகலமும் எழுதிய பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறாள். கடைசி இரண்டு பக்கத்தை அனுப்பவில்லை. அதில் வீட்டை நட்டநடுவே கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். முகப்பு, நடை, வளவு, அடுத்த கட்டு, அடுப்படி, கொல்லை. ஒவ்வொரு படிக்கும் உயரம் அங்குலத்தில். யாரும் இவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஏன் இதை அண்ணனுக்கு அனுப்பல?" என்று கேட்டேன். "கேக்கல" என்றாள்.

உன் வரைபடம் மேலேயிருந்து பார்ப்பது. மேலேயிருந்து பார்த்தால் நிலைப்படி ஒரு கோடுதான். யாரும் குனிவது தெரியாது. இவள் வரைந்ததில் ஐந்தும் பல் மாதிரி நிற்கின்றன. அதோடு இன்னொன்றும் தெரிகிறது. நம் அடுப்படித் தரையைவிடக் கொல்லை இரண்டரை அடி பள்ளம். நீ எல்லாம் ஒரே மட்டம் என்று நினைத்து வரைந்திருக்கிறாய். அப்படியே கட்டினால் கடைசியில் ஆறாவதாக ஒரு படிக்கட்டு வந்து சேரும். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு வீடு ஞாபகத்தில் சமதளமாகத்தான் இருக்கும். நாளைக்கு நீ யார் யாருக்கோ வீடு கட்டிக் கொடுப்பாய். வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொள், ஆனால் அந்த வீட்டில் பேசாமல் நிற்கிறவர் யார் என்று பார்த்து அவரிடமும் கேள். உனக்கு என்று ஒருத்தி வந்த பிறகும் அப்படியே. அந்த இரண்டு பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் இல்லை, அவளேதான் கிழித்து மடித்துக் கொடுத்தாள்.

மரியாதை என்று சொன்னேனே, அதையும் முடித்துவிடுகிறேன். முகப்பில் இருப்பதுதான் அவருக்கு மரியாதை என்று முடிவு செய்தவள் நான், அவரை நான் கேட்டதே இல்லை. போன வாரம் கேட்டேன். "பின்னால படி இல்லாம மட்டமா ஒரு அறை கட்டுனா அங்கிட்டு இருந்துக்கிருவீகளா? பாக்க வர்றவுக பின்தெரு வழியாத்தான் வரணும்" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்து எழுந்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, "நாலு பேரு... என்னைப் பாக்க வேணாம்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான்... மரத்தப் பாக்குறேன்" என்றார். அவ்வளவுதான் தம்பி. வருஷத்துக்கு நாலு தடவை வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்து போகிறவர்களுக்காக, அவருக்கும் வேண்டாத ஓர் இடத்தில் அவரைப் படுக்க வைத்து, அங்கேயிருந்து தினம் நான்கு தடவை இந்தப் பிள்ளையை வைத்துத் தூக்க வைத்திருக்கிறேன். நம் ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய வரும். பார்க்கிறவர்களுக்கு என்றே வீட்டின் முன்பாதியைக் கட்டி வைத்திருக்கிறோம், அதில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்வதில்லை.

ஆகவே நான் கேட்பது இது. சாமான் அறை வேண்டாம். அந்த இடத்தில், அந்த ஜன்னல்களோடும் கூரைக் கூண்டோடும், உன் அப்பச்சிக்கு அறை. கொல்லையும் பின்தெருவும் ஒரே மட்டம்தான், அறையின் தரையும் அதற்குச் சமமாக இருக்கட்டும். குளியலறை அதிலேயே, நாற்காலி உள்ளே போய்த் திரும்புகிற அகலத்தில், கதவடியில் கட்டை எதுவும் இல்லாமல். சப்போட்டா மரம் தெரிகிற ஜன்னலைப் படுத்திருக்கிறவர் கண் மட்டத்துக்கு இறக்கு. பின்தெருவுக்கு ஒரு கதவு வை. அவர் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பையனோ, பகலில் உதவிக்கு வருகிறவரோ, முழு வீட்டையும் கடந்து வராமல் அந்த வழியாக வந்து போகட்டும். பழைய வீட்டிலிருந்து அங்கே இறங்கப் படிக்கட்டு வேண்டாம், தெற்குச் சுவரோரமாகச் சரிவு போடு. ஓர் அடி இறங்கப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று இவள் சொல்கிறாள். இரண்டரை அடிக்கு முப்பது அடி, அந்தச் சுவரோரம் அதற்கு இடம் இருக்கிறதாம். அளந்துவிட்டாள். அப்படி ஓர் அறை இருந்தால் சமதரையில் நான் ஒருத்தியே, இந்தக் கையோடே, அவரைத் தள்ளிக்கொண்டு போய்வருவேன். இரண்டாவது ஆள் தேவைப்படாது. செங்கல், சுண்ணாம்பு, பழைய கதவு, மழைத்தண்ணீர் எல்லாம் நீ சொன்னபடியே இருக்கட்டும். அதையெல்லாம் குறைக்காதே, அது உன் அழகு. வரிசையை மட்டும் மாற்று. அந்த அறை முதலில். பெரியப்பச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் பங்கில் ஒரு செங்கல்லைக்கூட நாம் தொடப் போவதில்லை. சாமானை என்ன செய்வது என்று கேட்பாய். நனைந்தால் நனையட்டும், புளி போட்டுத் தேய்த்தால் போகிற பச்சைதான்.

இவ்வளவும் அப்பச்சிக்காக என்று நீ எடுத்துக்கொண்டால் பாதிதான் புரிந்துகொண்டாய். மிச்சப் பாதி எதற்காக என்று நான் சொல்லப் போவதில்லை. நான் சொன்னால் அது ஆத்தாவின் ஆசையாகப் போய்விடும், நீயும் "பார்க்கலாம் ஆத்தா" என்று சொல்லிவிடுவாய். இவளே கேட்கட்டும். பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறாள். "நீங்களே சொல்லிருங்க ஆத்தா" என்கிறாள். மாட்டேன். டீச்சர் வந்த அன்று இவளுக்காக நான் பேசினேன். நல்ல எண்ணத்தோடுகூட இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன். முகப்பில் இருமல் கேட்கிறது, அப்பச்சி விழித்துவிட்டார். நான் முன்னால் போகிறேன். இவள் எழுத வேண்டியதை எழுதிவிட்டு வரட்டும், அதுவரை அவர் பொறுத்துக்கொள்வார். கவரை ஒட்டும் முன் நான் ஒரு தடவை படிப்பேன் என்று இவளுக்குத் தெரியும்.

உன் ஆத்தா

அண்ணே,

இது நான் எழுதுகிறது. ஆத்தா எழுந்து போய்விட்டார்கள். நான் பாலிடெக்னிக்கில் சிவில் சேரப் போகிறேன். பத்தாவது மார்க் போதும், விசாரித்துவிட்டேன். தினம் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். வைகாசியில் விண்ணப்பம் போடுவேன். அதற்குள் அப்பச்சி அறையை முடித்துக் கொடுங்கள். முதலில் "முடிந்தால்" என்று ஒரு சொல் எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாளில் மாற்றி எழுதவில்லை. ஆத்தா இரண்டாம் தடவையாகக் கூப்பிடுகிறார்கள். தூக்கப் போக வேண்டும்.